ரிம் கோட்டமா, வேறு ஏதாவதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கார் நடுங்கினால் பேலன்சிங் (வீலின் எடையைச் சமன் செய்வது), காற்று இறங்கினால் பஞ்சர், ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் (வீல்களின் கோணத்தைச் சரிசெய்வது). எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடங்கள் இவைதான். நானும் நின்றிருக்கிறேன். என் காரின் முன் இடது வீலுக்கு மூன்று மாதத்தில் நான்கு முறை பேலன்சிங் செய்தேன். ஐந்தாவது முறை, டயர் கடையில் வேலை பார்த்த ஒரு பையன் வீலைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினான். உள்பக்க விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு நெளிசல். வெளியே இருந்து பார்த்தால் ரிம் (டயர் உட்காரும் உலோகச் சக்கரம்) புதுசு போல இருந்தது.

அதற்கப்புறம் சொந்தக்காரர் கார், பக்கத்து வீட்டுக் கார் என்று நிறைய வீல்களைக் கழற்றிப் பார்த்தாயிற்று. ரிம் பெரும்பாலும் உள்பக்கம்தான் வளைகிறது. வெளி விளிம்பை ஆரங்கள் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்கின்றன. உள் விளிம்புக்கு அந்தத் தாங்கல் கிடையாது. நாம் பார்ப்பதோ எப்போதும் வெளிப்பக்கத்தை. அதனால், கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் "வீலைக் கழற்றி உள்பக்கம் பார்" என்ற வேலையை அலைன்மென்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

தேவையானவை: ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்று அளக்கும் கேஜ், டார்ச், சோப்புத் தண்ணீர், ஒரு சாக்பீஸ், ஒரு கம்பித் துண்டு. சமதளத்தில் நிறுத்தி, தூக்காத வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நட்டுகளை வீல் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டு அப்புறம் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்கவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் வெளியே உட்கார்ந்து செய்கிற வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## இப்போதுதான் பள்ளத்தில் "டமார்" என்று இறங்கியது

வண்டி ஓடுகிறதே என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி இடித்த வீலைப் பாருங்கள். முன்வீல் இறங்கிய பள்ளத்தில் பின்வீலும் இறங்கியிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

காற்று வேகமாக இறங்குகிறது. அங்கேயே ஸ்டெப்னி மாற்றுங்கள். காற்றில்லாத டயரில் கொஞ்ச தூரம் ஓட்டினாலும், தப்பியிருந்த ரிம்மும் தரையில் அரைபட்டுவிடும். டயரும் பக்கச்சுவர் நைந்து வீணாகிவிடும்.

டயரின் பக்கச்சுவரில் கொப்புளம் போல வீங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். ஒட்டு, பேட்ச் எதுவும் இதற்குக் கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். டயரின் நூலை அறுக்கும் அளவுக்கு இடி விழுந்திருக்கிறதென்றால் அதே இடத்துக்கு நேராக ரிம்மும் அடி வாங்கியிருக்கலாம். டயர் மாற்றும்போது வெறும் ரிம்மை ஒருமுறை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். டயர் இல்லாத ரிம்மைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வராது.

ஸ்டியரிங் நேராக இல்லை, அல்லது வண்டி ஒரு பக்கம் ஓடுகிறது. ரிம்மை அப்புறம் பார்க்கலாம். டை ராடோ (ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் தண்டு) லோயர் ஆர்மோ (வீலைக் கீழிருந்து தாங்கும் கை) வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. மெதுவாகப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். ஸ்டியரிங் பிடிமானமே சந்தேகமாக இருந்தால் ஓட்டாமல் வண்டியைத் தூக்கிப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்றும் தெரியவில்லை. இதுதான் அடிக்கடி நடப்பது. அன்று ராத்திரி நிறுத்தும்போது நான்கு வீலிலும் காற்றை அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலை, ஒரு வாரம் கழித்து என்று இன்னும் இரண்டு முறை அளந்தால் போதும்.

## ஒரு வீலில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைவது எல்லா டயரிலும் நடப்பதுதான். குளிர் கூடினாலும் குறையும், 5, 6 டிகிரி வெப்பம் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. போகும். அதனால் ஒரு வீலைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மற்ற மூன்றோடு ஒப்பிடுங்கள். மூன்றும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று இறங்கினால் கசிவுதான்.

சோப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

### வால்வு வாயில் குமிழி

சந்தோஷப்படுங்கள், இதைவிட மலிவான கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் பின்னை இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும். வால்வின் அடியில், ரப்பர் ரிம்மைத் தொடும் இடத்தில் குமிழி வந்தால் முழு வால்வையும் மாற்ற வேண்டும். காற்றழுத்த சென்சார் உள்ள வண்டி என்றால் வால்வோடு சென்சாரும் சேர்ந்திருக்கும். டயரைக் கழற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கம்பி பட்டு உடைந்துவிடும்.

### டயரின் ஓடுதளத்தில் குமிழி

ஆணி. சாதாரணப் பஞ்சர். இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

### டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் குமிழி

முதலில் வெளிப்பக்கம், அப்புறம் வீலைக் கழற்றி உள்பக்கம். இங்கே இரண்டு விதமாக வரும்.

விளிம்பு முழுக்க ஆங்காங்கே பொடிப்பொடியாக நுரை வந்தால் கோட்டம் இல்லை. டயர் உட்காரும் இடத்தில் துருவோ, அலாய் (அலுமினியக் கலவை ரிம்) என்றால் வெள்ளையாகப் பூத்த அரிப்போ, உரிந்த பெயின்டோ இருக்கிறது. டயரைக் கழற்றி அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றினால் நிற்கும். பழைய ரிம்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கோட்டம் என்று பயந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் விஷயம்.

ஒரே இடத்தில் மட்டும் பெரிய குமிழிகளாக வந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு அங்கே உள்வாங்கியோ வெளியே பிதுங்கியோ இருக்கும். டயரின் ஓரம் அதில் முழுதாக ஒட்டவில்லை. இது ரிம் கோட்டம்தான்.

சில சமயம் கழற்றிய வீலைத் தண்ணீரில் அமுக்கினாலும் குமிழி வராது. ஆனால் வண்டியில் மாட்டினால் காற்று இறங்கும். வண்டியின் எடை ஏறும்போது மட்டும் அந்த இடம் திறந்துகொள்கிறது. சந்தேகப்படும் இடம் தரைக்கு நேராக வரும்படி வண்டியை உருட்டி நிறுத்தி, அங்கே சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

### ரிம்மின் உலோகத்திலிருந்தே குமிழி

விளிம்பில் இல்லாமல், ரிம்மின் உடம்பிலிருந்தே கோடு போல நுரை வந்தால் அது விரிசல். கழற்றிய கையோடு ஒதுக்கி வைத்துவிடுங்கள். "மெதுவாகத்தானே போகிறேன்" என்று அதை மறுபடி மாட்ட வேண்டாம். விரிசல் விட்ட ரிம் எப்போது, எந்த வேகத்தில் பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கசிகிற ரிம்முக்குள் டியூப் போட்டு ஓட்டச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கசிவு நிற்கும், கோட்டமும் விரிசலும் அப்படியே இருக்கும். காற்று இறங்குவதுதான் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே எச்சரிக்கை, டியூப் அதை மூடிவிடும்.

## 80-லிருந்து 110 கி.மீ. வேகத்துக்குள் நடுக்கம் வருகிறது

அந்த வேகத்தைத் தாண்டினால் குறைகிற மாதிரியும் இருக்கும். எங்கே நடுங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்வீல். சீட்டிலும் தரையிலும் அதிர்வு வந்தால் பின்வீல். வேகம் எடுக்கும்போது, அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் நடுங்கி, விட்டால் நின்றுவிடுகிறதென்றால் வீலில் தேட வேண்டாம், ஆக்சில் தண்டின் உள் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

### காசில்லாமல் பார்க்க வேண்டியவை

ரிம்மின் உள்ளே சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள். மழையில் மண் பாதையில் போய் வந்த மறுநாள் "ரிம் போச்சு" என்று வந்து நின்ற காரை, குழாய்த் தண்ணீரில் உள்பக்கம் கழுவியே சரிசெய்திருக்கிறேன். கையளவு சேறு போதும், நன்றாக ஆட்டிவிடும்.

பேலன்சிங் எடை விழுந்துவிட்டதா? ஒட்டு எடை இருந்த இடத்தில் செவ்வகமாகச் சுத்தமான தடம் அல்லது பசை தெரியும்.

பல நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டியா? தரையில் பட்ட இடம் தட்டையாகியிருக்கும். பத்துப் பதினைந்து கி.மீ. ஓடி டயர் சூடானதும் போய்விட்டால் விட்டுவிடுங்கள்.

பஞ்சருக்குத் திரவ சீலன்ட் ஊற்றியிருக்கிறதா? அது ஒரு பக்கமாகத் தேங்கினாலும் இப்படி ஆட்டும்.

### வீலை இடம் மாற்றிப் பாருங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால், கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

முன்வீலைப் பின்னாலும், அதே பக்கத்துப் பின்வீலை முன்னாலும் மாட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும். அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். முன்னால் பின்னால் வேறு வேறு அளவு டயர் போட்ட வண்டிகளில் இது முடியாது.

ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் சீட்டுக்கு வந்துவிட்டதா? குற்றவாளி நீங்கள் பின்னால் மாட்டிய அந்த வீல். ரிம்மா டயரா என்பது மட்டும் பாக்கி.

ஸ்டியரிங்கிலேயே, முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறதா? அந்தப் பக்கத்து வீல் காரணமில்லை. அடுத்த பக்கத்துக்கும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் ஹப் (வீலை போல்ட் போட்டு மாட்டும் சுழல் மையம்), பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள் என்று போக வேண்டும். இனி மெக்கானிக் வேலை.

ஸ்டெப்னி மற்ற வீல்களின் அளவிலேயே இருந்தால் இன்னும் சுலபம். சந்தேகப்படும் இடத்தில் அதை மாட்டி ஓட்டினால் போதும். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் இந்தச் சோதனைக்கு உதவாது, அவற்றில் பெரும்பாலும் 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று எழுதியே இருக்கும்.

### ரிம்மா, டயரா, ஹப்பா

குற்றவாளி வீலை மாட்டியபடியே தூக்குங்கள். என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கையால் சுற்றுங்கள். பின்வீல் என்றால் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டியிருக்கும். முன்வீல் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை வைக்காமல் அதை விடாதீர்கள்.

இரண்டு செங்கல் அடுக்கி, அதன் மேல் கம்பித் துண்டை வையுங்கள். கம்பியின் முனை ரிம் விளிம்புக்கு இரண்டு மி.மீ. தள்ளி இருக்கட்டும். வீலை மெதுவாகச் சுற்றி, நடுவில் உள்ள இடைவெளியையே பாருங்கள். இடைவெளி பக்கவாட்டில் கூடிக் குறைந்தால் வீல் தள்ளாடுகிறது. கம்பியை விளிம்பின் மேல்புறம் மாற்றி வைத்துச் சுற்றும்போது மேலும் கீழும் போனால் வட்டம் கெட்டிருக்கிறது. சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருந்தால் இது புதிதாக இருக்காது. அங்கே ஆரங்களை இறுக்கிச் சரிசெய்யலாம், கார் ரிம்மில் அந்த வசதி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு இருந்தால் தப்பு? காருக்குக் கார் மாறும். பொதுவாக ஒரு மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அலாய்க்கு இன்னும் கொஞ்சம் கறார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற ஆட்டம் என்றாலே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சரியான எண் வேண்டுமென்றால் டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் கருவி) வைத்து அளக்கிற கடைக்குப் போங்கள்.

ரிம் சீராகச் சுற்றுகிறது, டயர் மட்டும் ஓரிடத்தில் எம்புகிறது என்றால் டயரின் ஓடுதளத்துக்கு அடியில் உள்ள பட்டை பிரிந்திருக்கலாம். அந்த டயர் வேண்டாம்.

ரிம் தள்ளாடுகிறது என்றால் உடனே அதன் மேல் பழி போடாதீர்கள். வெளியே தெரியும் விளிம்பில் மேடையோரத்தில் உரசிய சிராய்ப்பு மட்டும் இருந்தாலும் கம்பி ஆடுகிற மாதிரி தெரியும். அப்புறம் இன்னொன்று. சாக்பீஸால் ஆட்டம் அதிகமான இடத்தை ரிம்மிலும், அதற்கு நேரான போல்ட்டையும் குறியுங்கள். வீலைக் கழற்றுங்கள். ஹப் முகத்தில் துருச் செதிலோ மண்ணோ இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள், ரிம்மின் பின்முகத்தையும் துடையுங்கள். இரண்டு போல்ட் தள்ளி, வீலைத் திருப்பி மாட்டி மறுபடி சுற்றிப் பாருங்கள்.

ஆட்டம் ரிம்மில் குறித்த இடத்தோடு நகர்ந்து வந்தால் ரிம் கோட்டம், சந்தேகமே வேண்டாம். குறித்த போல்ட் பக்கமே நின்றால் ஹப் வளைந்திருக்கிறது. ஆட்டமே காணோமென்றால், நடுவில் சிக்கிக்கொண்டிருந்த துருச் செதில்தான் இத்தனை நாள் உங்களை அலைக்கழித்திருக்கிறது.

வண்டியோடு வராமல் தனியாக வாங்கிப் போட்ட அலாய் வீலா? நடு ஓட்டை பெரும்பாலும் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கும், இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டிருப்பார்கள். டயர் கடைகளில் அது தொலைவது சகஜம். வளையம் இல்லாமல் மாட்டினால் நல்ல ரிம்மும் நடுங்கும்.

## எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நிற்கவில்லை

என் கதை இதுதான் என்று முதலிலேயே சொன்னேன். பேலன்சிங் இயந்திரம் எடை எங்கே கூடுதல் என்று மட்டும்தான் பார்க்கிறது. ரிம் முட்டை வடிவில் இருந்தாலும் எடையை ஒட்டி ஒட்டித் திரையில் பூஜ்யத்தைக் கொண்டுவந்துவிடலாம். சாலையில் இறங்கினால் முட்டை முட்டையாகத்தான் உருளும்.

அதனால் அடுத்த முறை திரையைப் பார்க்காமல், இயந்திரத்தில் சுற்றுகிற ரிம்மின் உள்விளிம்பைப் பாருங்கள். சுற்று நிற்கப்போகும் கடைசி வினாடிகளில் ஆட்டம் நன்றாகத் தெரியும். ஒரே பக்கத்துக்கு 50, 60 கிராமுக்கு மேல் எடை கேட்டால் எதையும் ஒட்டுவதற்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். வீலை இயந்திரத்திலிருந்து கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். எண் மாறினால் மாட்டியதில்தான் கோளாறு. மாறாவிட்டால் டயரைக் கழற்றி வெறும் ரிம்மைச் சுற்றச் சொல்லுங்கள். கூடுதல் வேலைக்குக் கூலி கேட்பார்கள், கொடுத்துவிடலாம். நான்கு பேலன்சிங்குக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான்.

## மெதுவாகப் போகும்போதே தள்ளாடுகிறது

20, 30 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் இடமும் வலமும் ஆடினால் ஓரம் கட்டுங்கள். முதல் வேலை நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது. சமீபத்தில் வீலைக் கழற்றி மாட்டியிருந்தால், கோட்டத்தைவிட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தளர்ந்திருந்தால் நட்சத்திர வடிவில், எதிரெதிராக இறுக்கிவிட்டு மெதுவாக மெக்கானிக்கிடம் போங்கள். தளர்ந்த நட்டோடு ஓடியிருந்தால் ரிம்மின் துளைகள் ஓவலாகியிருக்கும். அப்படி ஆன ரிம்மை மறுபடி நம்ப முடியாது.

நட்டு சரியாக இருந்தால் டயரின் ஓடுதளத்தில் வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவுங்கள். அதுவும் இல்லையென்றால் ரிம் மோசமாக வளைந்திருக்கலாம், அந்த வீலில் ஓட்ட வேண்டாம்.

## பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது

ரிம் இல்லை. பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று: வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஏற்ற இறக்கமாக இறுக்கினாலும் நாளடைவில் இந்த நடுக்கம் வரும். நட்டுகளைத் தளர்த்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) சமமாக இறுக்கிப் பாருங்கள். சிறிய, நடுத்தரக் கார்களில் அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், ஆனால் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே சரி.

## ஒரு பக்கமாக இழுக்கிறது

ரிம் கோட்டம் நேரடியாக இழுப்பை உண்டாக்குவது அபூர்வம். அதே இடியில் வேறு ஏதோ நகர்ந்திருக்கும். காற்று இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு முன்வீல்களையும் இடம் வலமாக மாற்றிப் பாருங்கள், டயரில் ஒரு வழியாகத்தான் சுற்ற வேண்டும் என்ற அம்புக்குறி இல்லையென்றால் மட்டும். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் டயர். மாறாவிட்டால், கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி ரிம்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாம் சரி என்றால் அலைன்மென்ட். ஆனால் கோட்டமான ரிம்மோடு அலைன்மென்ட் செய்தால் அளவே தப்பாக வரலாம், ஏனென்றால் கருவியைப் பிடித்து மாட்டுவது ரிம்மில்தான். ரிம்மைச் சரிசெய்துவிட்டு அலைன்மென்டுக்குப் போவதே சரியான வரிசை.

## கோட்டம் உறுதியாகிவிட்டது: எடுக்கலாமா, மாற்றலாமா

### ஸ்டீல் ரிம்

இரும்பு பெரும்பாலும் வளையும், எளிதில் உடையாது. விளிம்பில் சின்ன நெளிசல் என்றால் பழகிய கையில் நன்றாகவே நேராகும். நடுத்தட்டு வளைந்திருந்தாலோ போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருந்தாலோ மாற்றுங்கள். ஸ்டீல் ரிம் மலிவு, ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

### அலாய்

வார்ப்பு அலாய் ஓரளவுக்குத்தான் வளையும், அதற்கு மேல் விரிசல் விடும். அதனால் எங்கே வளைந்திருக்கிறது, விரிசல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விதான்.

உள் அல்லது வெளி விளிம்பில் மட்டும் நெளிசல், விரிசல் இல்லை: ஹைட்ராலிக் பிரஸ் வைத்து, டயல் கேஜில் அளந்து நேராக்குகிற கடையில் செய்யலாம்.

ஆரம் வளைந்திருக்கிறது, அல்லது ஆரம் சேரும் இடத்திலோ போல்ட் துளை அருகிலோ விரிசல்: மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் செய்து தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே ஒருமுறை நேராக்கிய அதே இடம் மறுபடி வளைந்தது: என் கணக்கில் அந்த ரிம் முடிந்தது.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் கேட்பது இதுதான்: எப்படிச் சூடு செய்வீர்கள்? அலாய் ரிம்முக்கு வலு வருவதே வார்த்த பிறகு செய்யும் வெப்பப் பதனில்தான். 200 டிகிரியைத் தாண்டிப் போகப் போக அந்த வலு இறங்கும். கேஸ் விளக்கைப் பிடித்து, "பழுத்ததும் தட்டிவிடுவேன்" என்கிற ஆளிடம் ரிம்மைக் கொடுக்காதீர்கள். அலுமினியம் இரும்பு மாதிரி நிறம் மாறிக் காட்டாது, எவ்வளவு சூடேறியது என்று கண்ணால் தெரியாது. வெப்பத்தை அளந்து செய்கிற இடமா, நேராக்கிய பிறகு சாயம் தடவி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் கொடுக்கலாம்.

வீட்டில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தட்டியும் விட்டார். விளிம்பு பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு உடைந்து வந்தது. நேராக்கக்கூடிய ரிம் குப்பைக்குப் போனது.

கடையில் நேராக்கிய ரிம்மை வாங்கி வந்ததும் காற்றுக் கசிவு பார்த்து, பேலன்சிங் செய்து, நட்டுகளை அளவாக இறுக்குங்கள். 50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். நேராக்கிய ரிம்மை நான் முடிந்தவரை ஸ்டெப்னியாக வைத்துவிட்டு, ஸ்டெப்னியில் இருந்த நல்ல ரிம்மை வெளியே எடுத்துவிடுவேன்.

## சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்ப வளைகிறது

சாலையைத் திட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. ஆள் நிறைய ஏற்றினால் அதே ஸ்டிக்கரில் அதற்குத் தனி அளவு போட்டிருக்கும். காற்று குறைந்த டயர் பள்ளத்தின் ஓரத்தில் பட்டு முழுதாக மடங்கி, இடியை அப்படியே ரிம்முக்குக் கொடுத்துவிடும்.

அடுத்தது பிரேக். பள்ளத்தைப் பார்த்ததும் மிதிக்கிறோம், சரி. ஆனால் வீல் பள்ளத்துக்குள் இறங்கும்போதும் மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டியின் முன்பாரம் முழுக்க அந்த வீலில் இருக்கும், சஸ்பென்ஷனும் பாதி அமுங்கியிருக்கும். வேகத்தை முன்பே குறைத்துவிட்டு, இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

காற்றும் சரி, ஓட்டுவதும் சரி, இருந்தும் வளைகிறதென்றால் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். என் கார் 185/65 டயரோடு (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம்) 15 அங்குல ரிம்மில் வந்தது. அழகுக்காக 17 அங்குல அலாயும் 205/45 டயரும் போட்டேன். மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 92 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. இடியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரில் 28 மி.மீ. காணாமல் போய், அந்த இடத்தில் உலோகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு பேலன்சிங் கதை அதற்கப்புறம் நடந்ததுதான்.

கடைசியில் பழைய 15 அங்குலத்துக்கே திரும்பினேன். எல்லா வண்டியிலும் இப்படி இறங்க முடியாது, பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ரிம் இடிக்காமல் இருக்க வேண்டும், அதைக் கடையில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு வருடமாகிறது, அதே சாலைகள்தான், ரிம் எதுவும் வளையவில்லை. திருப்பங்களில் வண்டி முன்னைவிடக் கொஞ்சம் மெத்தென்று சாய்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் இன்னும் கேட்கிறான், அந்த அழகான வீலை ஏன் அங்கிள் கழற்றினீங்க என்று.